முன்னால் நடப்பவள்

ட்ரெனிட்சா, 20 ஏப்ரல் 1923

என் வீட்டுக்காரருக்கு ஷெகா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். நீங்கள் ஒளித்துவைத்துச் சொல்லிக்கொடுத்த நம் மொழி எழுத்து இப்போது கைக்கு வந்துவிட்டது. நம் மண்ணைப் பிடித்த அந்நிய ராணுவத்துக்காரன் நம் பள்ளிக்கூடத்தைப் பூட்டலாம், என் விரலைப் பூட்ட முடியுமா?

இரண்டு குளிர்காலம் மலையில் துப்பாக்கியோடு இருந்தது போதும். பெருநாளுக்காவது வாருங்கள். ராணுவம் முகாமுக்குப் போய்விட்டது. வழியில் தடை ஹூஸா வீட்டார்தான். உங்கள் ஆள் அவர்கள் மகனைக் கொன்றதற்கு உங்கள் உயிரைக் கேட்கிறார்கள். ஆனால் பெண் துணையோடு போகிறவனை நம் மலையில் எந்தப் பகையாளியும் சுடமாட்டானே! நான் மாவு மில் பாலத்துக்கு வருகிறேன். நான் முன்னால் நடக்கிறேன், நீங்கள் பின்னால் வாருங்கள்.

உங்களுக்கென்று போட்ட மிளகாய் ஊறுகாயை இன்னும் திறக்கவில்லை.

உங்கள் ஷெகா

மலை, 2 மே

ஷெகாவுக்கு,

முந்நூறு பேருக்குத் தலைவன் பெண்டாட்டி பாவாடைக்குப் பின்னால் ஒளிந்து வந்தான் என்று ஊர் சிரிக்க வேண்டுமா? உன் யோசனையைத் தெரியாமல் இவர்களிடம் சொல்லிவிட்டேன். "தலைவரே, அண்ணி வர்றப்ப சொல்லுங்க, நாங்களும் வரிசையா பின்னாடியே வந்துடறோம்!" என்று ஒரே கும்மாளம்.

சிரிக்கட்டும். உன்னைப் பார்க்காமல் என்னால் முடியவில்லை, ஷெகா. பெருநாளுக்கு முதல்நாள் மாலை பாலத்தில் இரு. உன் கையால் ஒரு காப்பி குடிக்க வேண்டும்.

ஸெஃபெர்

ஹூஸா வீடு, 17 மே

ஷெகா,

நேற்று உன்னைப் பார்த்தேன். நீல முக்காடு போட்டுப் பாலத்தில் நின்றாய். மில்லுக்குப் பின்னால் பதுங்கியிருந்த ராணுவத்துக்காரர்கள் உனக்குத் தெரியவில்லை. மேட்டிலிருந்து எனக்குத் தெரிந்தது. பெண் என்று துப்பாக்கியை இறக்க அவர்கள் நம்மவர்களா? உன்னைத் துளைத்துத்தான் என்னைச் சுடுவார்கள். அதனால் அவர்கள் கண்ணில் படும்படி மறுபக்கம் இறங்கினேன். துரத்தி வந்தார்கள். ஒரு குண்டு வயிற்றில் பட்டது. இருட்டில் அவர்களிடமிருந்து தப்பி, பக்கத்தில் இருந்த ஒரே வீட்டுக் கதவைத் தட்டினேன்.

கதவைத் திறந்தவர், மகனைப் பறிகொடுத்த ரூஸ்தெம் பெரியவரேதான். வாசலில் வந்து கேட்ட விருந்தாளியைப் பகையாளியும் தொடக்கூடாது என்பதுதானே நம் மலை வழக்கம். "விருந்தாளிய ஏத்துக்குவீங்களா?" என்றேன்.

கதவை அகலத் திறந்து, "உள்ள வா. பொண்டாட்டி துணைக்கு வரலையா?" என்றார்.

"அவ உயிரோட இருக்கணும்னுதான் தனியா வந்தேன்."

"அப்ப அவளும் கூட வந்த மாதிரிதான். உக்காரு."

காப்பி கொடுத்தார்கள். நல்ல காப்பிதான், உன் கை மணம் இல்லை. நாளை வீட்டில் கொண்டுவந்து விடுகிறார்களாம். பாலத்துக்கு வா, ஷெகா. யார் சிரித்தாலும் சரி, நான் பின்னால் வருகிறேன்.

ஸெஃபெர்

ட்ரெனிட்சா, 19 மே

என் வீட்டுக்காரருக்கு,

பெருநாளிலிருந்து தினமும் பாலத்தில்தான் காத்திருந்தேன். நீங்களும் உங்கள் கடிதமும் ஒன்றாகத்தான் வந்து சேர்ந்தீர்கள். கடிதம் எழுதிய இரவே உங்கள் மூச்சு நின்றதாம்; ஹூஸா வீட்டு ஆண்கள் நான்கு பேர் உங்களைத் தோளில் சுமந்து வந்தார்கள். பெரியவர் பாலத்தில் நின்று, "நீ முன்னால போம்மா" என்றார். நடந்தேன். ஊரே பார்த்தது, யாரும் சிரிக்கவில்லை.

ஊறுகாயைத் திறந்து அவர்களுக்குப் பரிமாறினேன். உங்கள் இடத்தில் ஒரு காப்பி வைத்தேன், ஆறிப்போய்விட்டது. எனக்குத் தாங்கவில்லை.

இந்தக் கடிதத்தை மலைக்குக் கொண்டுபோக யாரிடமும் கொடுக்கவில்லை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். வீடு வரும்வரை நான் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பாதவரை நீங்கள் பின்னால் நடந்துதான் வந்தீர்கள்.

உங்கள் ஷெகா