வளையாத கதவு

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவின் முட்டி வலி இப்போது தேவலை, அண்ணன் புது வேலையில் சேர்ந்துவிட்டான், எனக்கும் ஒரு குறையும் இல்லை. நீ நலமா என்று வழக்கமாக முதல் வரியிலேயே கேட்டுவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவேன், இன்று அந்தக் கேள்விக்காகத்தான் இந்தக் கடிதமே. வீடியோவில் கூப்பிட்டால் கேமரா கெட்டுவிட்டது என்கிறாய், தினம் ஒரு படம் மட்டும் ஊருக்கெல்லாம் போடுகிறாய், அது எந்தக் கேமராவோ தெரியவில்லை.

ஸ்டுடியோவில் கூட்டத்துக்குக் குறைவில்லை. பாஸ்போர்ட் படத்துக்கு வருகிற பெண்கள்கூட, கன்னத்தைக் கொஞ்சம் உள்ளே தள்ளிடுங்கண்ணே என்கிறார்கள், அப்புறம் ஏர்போர்ட்டில் உன்னை உள்ளே விடமாட்டாங்கம்மா என்றால் ஒருத்திக்கும் சிரிப்பு வருவதில்லை. முப்பது வருஷமாக இதே பிழைப்பு, கம்ப்யூட்டரில் இடுப்பைச் சுருக்கினால் பின்னால் இருக்கிற சுவரும் கதவும் கூடவே வளையும் என்று எனக்குத் தெரியாதா. அதனால் உன் படம் வந்தால் முதலில் உன் அறைக் கதவைத்தான் பார்ப்பேன், உன் இடுப்புப் பக்கம் லேசாக வளைந்திருக்கும். அம்மா அழுவாள், அட பைத்தியமே, பிள்ளை கம்ப்யூட்டர்லதான் இளைச்சிருக்கா என்று நான்தான் சமாதானம் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை நீ போட்ட படத்தைப் பெரிதாக்கி ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். கதவு நேராக இருக்கிறது குட்டிம்மா. நீ எதையும் சுருக்கவில்லை, அந்தத் தோள் எலும்பும் குச்சிக் கையும் உன்னுடையவைதான். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

உன்னைத் திட்ட எனக்கு வாயில்லை. நீ பத்தாவது படிக்கும்போது உன்னைப் படம் எடுத்து, கேட்காமல் கொள்ளாமல் முகத்தை ஒல்லியாக்கி, கடை வாசலில் மாட்டியவன் நான்தானே. அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றாய், பெருமையில் நிற்கிறாய் என்று நினைத்தேன், மடையன். வந்தவர்கள் யார் இந்தப் பெண் என்று கேட்டார்கள், நீ பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாய். உன் முகத்தில் ஒரு குறையும் இல்லை, என் கைதான் சும்மா இருக்கவில்லை. என்னை மன்னித்துவிடு.

உன் அறைத்தோழியை நானே கூப்பிட்டுக் கேட்டேன், அவள்மேல் கோபப்படாதே. ஆபீஸ் படிக்கட்டில் மயங்கி விழுந்தாயாம், எங்களிடம் மூச்சு விடவில்லை. தபாலுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் இதைப் படம் பிடித்துப் போனிலேயே அனுப்புகிறேன். கடையைப் பூட்டியாகிவிட்டது, வியாழக்கிழமை காலை அங்கே இருப்பேன், இரண்டு பேருமாக டாக்டரிடம் போவோம். வராதே என்று மட்டும் சொல்லிவிடாதே, உன் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன். அதுவரை மூன்று வேளையும் ஒரு வாயாவது சாப்பிடு.

இன்னொன்று. அந்த ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்கு, ஸ்கேல் வைத்துப் பார்ப்பதற்கு முன்பே வழக்கம்போல லைக் போட்டிருந்தேன், இப்போது எடுத்துவிட்டேன். அப்பாவுக்கு என்னைப் பிடிக்கவில்லை போல என்று நினைத்துவிடாதே தாயே. நீ நூறு வருஷம் இருக்க வேண்டும்.

உன்
அப்பா