மழைக்கு எதிராக ஒரு கண்ணாடிப் பந்தல்

பிரியமான மதினிக்கு,

நீங்கள் இல்லாத முதல் இடவப்பாதிப் பருவமழை கரமனையில் தொடங்கிவிட்டது. புறவாசலில் உங்கள் கண்ணாடிப் பந்தலுக்குள் தக்காளியும் கத்தரியும் முளைவிட்டிருக்கின்றன. விதைத்தது என் அண்ணன். உங்கள் வீட்டுக்காரரேதான், நம்புவீர்களா?

மழைக்காலத்தில் பாவிய நாற்று அழுகித்தான் போகும் என்று நாங்கள் எல்லாரும் விட்டுவிட்டோம். நீங்கள் விடவில்லை. உங்கள் அப்பா போனக்காடு எஸ்டேட்டில் கணக்கெழுதிய காலத்தில், துரை பங்களாவில் செடி வளர்க்கும் கண்ணாடி வீட்டைச் சிறுவயதில் பார்த்திருக்கிறீர்கள். பழவங்காடியில் ஒரு துணிக்கடையைப் புதுப்பித்தபோது கழற்றிப் போட்ட கண்ணாடி அலமாரிக் கதவுகளைக் கேட்டு வாங்கி, கைவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தீர்கள். கமுகுத் தடிகளை நட்டு, நான்கு பக்கமும் மேலேயும் அந்தக் கதவுகளைப் பொருத்தினீர்கள். நீங்கள் ஆணி அடித்ததில் ஒரு கண்ணாடிகூட விரிசல் விடவில்லை. பிடித்துக்கொண்டு நின்ற நான்தான் ஒவ்வொரு அடிக்கும் கண்ணை மூடிக்கொண்டேன்.

"கடைத்தெரு மாதிரி இருக்கு. ஆளுக சிரிக்காம என்ன செய்வாங்க?" என்றார் அண்ணன்.

சிரிக்கத்தான் செய்தார்கள். மேட மாதக் கோடை வெயிலில் முதல் நாற்று முழுவதும் உள்ளேயே வதங்கிச் செத்தது. வரப்போகும் மழைக்கும் ஒன்றும் தேறாவிட்டால் எல்லாவற்றையும் பிரித்துப் போடவேண்டும் என்று அண்ணன் சொல்லிவிட்டார். அன்று மத்தியானம் நீங்கள் என்னைக் கூப்பிட்டு, உள்ளே கையை வைத்துப் பார்க்கச் சொன்னீர்கள்.

"இட்டிலிக் கொப்பரை மாதிரி இல்லியா இருக்கு, சரசு? போனக்காட்டுல குளிரு, அதனால துரை அடைச்சு வச்சிருந்தான். நமக்கு சத்துரு மழையாக்கும். பக்கத்துக்கு எதுக்குக் கண்ணாடி?"

அன்று மாலையே பக்கக் கண்ணாடிகளைக் கழற்றிவிட்டு ஓலைத் தட்டிகளைச் சாய்த்துக் கட்டினீர்கள். தட்டிக்கும் கூரைக்கும் நடுவே காற்றுப் போக இடம் விட்டீர்கள். தோற்ற இடத்திலேயே உட்கார்ந்து காரணம் தேடும் அந்தப் பொறுமை உங்களுக்கு எங்கிருந்து வந்தது, மதினி? நானாக இருந்தால் அழுதுவிட்டு ஆபீசுக்குப் போயிருப்பேன்.

மழை வந்தது. ஆறு கலங்கி ஓடியது. தெருவில் வேறு எந்த வீட்டிலும் நாற்று மிஞ்சவில்லை. குடையோடு போய்ப் பார்த்த அண்ணன் வெகுநேரம் பந்தலடியிலேயே நின்றார். திரும்பி வந்து, "ரெண்டு தக்காளி நாத்து நம்ம ஆபீசு சூப்பிரண்டுக்கும் கொடுக்கலாம், கேட்டியா?" என்றார். அதற்குமேல் அவரிடமிருந்து பாராட்டு வராது என்று உங்களுக்குத் தெரியும். சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டீர்கள்.

அந்தக் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோன பிறகு அவர் புறவாசல் பக்கமே போகவில்லை. போன மாதம் ஆற்றுகாலிலிருந்து ஒரு அம்மாள் வந்தாள்.

"சேச்சி இல்லையா? நாத்துப் பந்தல் ஒண்ணு கட்டணும். அவங்ககிட்ட கேக்கலாம்னு வந்தேன்."

அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்தார். பிறகு, "அவ போயிட்டாம்மா. நீங்க வாங்க, நான் காட்டித்தாரேன்" என்று முன்னால் நடந்தார். தட்டியின் சாய்வு, கூரையின் சரிவு, தண்ணீர் வடிய நீங்கள் வெட்டிய சால், எதையும் விடாமல் சொன்னார். இவ்வளவையும் அவர் எப்போது கவனித்தார்? அந்த வாரமே விதையும் பாவினார்.

இப்போது பலபேர் வந்து பார்க்கிறார்கள். கட்டியது யார் என்று கேட்டால், "வீட்டுல உள்ளவ" என்கிறார். உங்கள் பெயரை அவர் வாயால் ஒருநாளும் சொன்னதில்லையே. நான் சொல்லுவேன், மதினி. கேட்கிற ஒவ்வொருவரிடமும், இது என் மதினி பகவதி கட்டினது என்று சொல்லுவேன்.

உங்கள் நாத்தனார்,
சரசு