பல்பம் குறையவில்லை

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. ஆமாம், நானேதான், என் கையாலேயே.

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது என்று சிரிக்காதே, மன்னித்துக்கொள். ஐம்பது வருஷம் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிய விரல். பேனாவைக் கொடுத்தால் ஸ்பேனரைப் பிடிப்பதுபோல் இறுக்குகிறது. காலையில் தொடங்கிய பக்கம் இது. நடுவில் இரண்டு டியூபுக்கு ஒட்டுப் போட்டுவிட்டு வந்தேன். ஓரத்தில் இருக்கும் கறை அதுதான்.

எனக்கு வாத்தியார் உன் பெண்டாட்டி. உன்னிடம் மூச்சு விடக்கூடாது என்று இரண்டு பேரும் பேசி வைத்திருந்தோம். கடையைச் சாத்தியதும் சிலேட்டும் பல்பமுமாக என்னை உட்கார வைத்துவிடுவாள். "மாமா, 'ண'வுக்கு மூணு சுழின்னு இன்னும் எத்தனை தடவை சொல்றது?" என்று ஒரே அதட்டல்.

இனிச் சொல்லப்போவதைப் போனில் சொல்லலாமே என்பாய். பக்கத்தில் நின்று கிள்ளுகிறாளே, எப்படிச் சொல்வது?

பல்பம் அடிக்கடி காணாமல் போனது. எலிதான் என்று நினைத்தேன். ஒரு நாள் பார்த்தால், வாத்தியாரம்மா சமையலறையில் நின்று மொறுக்மொறுக்கென்று கடித்துக்கொண்டிருக்கிறாள். "வாத்தியாரே தின்னுட்டா நான் எதால எழுதறது?" என்று சிரித்தேன். மாசமாக இருக்கிற பெண், ஏதோ ஆசை என்று நானே ஒரு பெட்டி வாங்கிக் கொடுத்தேன். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கினாள். வாய் ஓரம் வெடித்திருந்தது. அதற்கும், "என்னைத் திட்டித் திட்டியே வாய் கிழிஞ்சிடுச்சு" என்று கேலிதான் செய்தேன்.

இரண்டு மாதத்துக்கு முன் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். பெஞ்சு நிறையப் பெண்கள். எதிர்ச் சுவரில் பெரிய எழுத்தில் ஓர் அறிவிப்பு. எனக்குத்தான் மனசுக்குள் படிக்க வராதே! எழுத்துக் கூட்டி, வாய்விட்டுப் படித்தேன்: "மண், சாம்பல், பல்பம் தின்னத் தோன்றுகிறதா? சத்துக் குறைவாக இருக்கலாம். தயங்காமல் சொல்லுங்கள்." கூடம் முழுக்கக் கேட்டது. இவள் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "மெதுவா மாமா, மானம் போகுது" என்றாள். எனக்கோ ஒரு சுவரையே படித்து முடித்த குஷி. "பல்பம்னே போட்டிருக்கும்மா! நீ திங்கறதேதான்!" என்றேன், இன்னும் சத்தமாக.

நர்ஸம்மா எழுந்தே வந்துவிட்டார். கண் இமையை இழுத்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார். ரத்த அளவு குறைந்தது பதினொன்று இருக்க வேண்டுமாம், இவளுக்கு எட்டு. இரும்புச் சத்து இல்லை. வாய் வெடித்தது வைட்டமின் குறைவு. முன்பு கொடுத்த மாத்திரையைக் குமட்டுகிறது என்று இவள் டப்பாவிலேயே மூடி வைத்த கதையும் அப்போதுதான் வெளியே வந்தது. "பெட்டியோட வாங்கித் தந்தீங்களாமே, நல்ல மாமனார்!" என்று எனக்கும் ஒரு குட்டு. வாங்கிக்கொண்டேன். டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்க்காமல் காற்றை மட்டும் அடித்துக்கொண்டிருந்தவன்தானே நான்.

உன்னைச் சுமந்தபோது உன் அம்மா சாம்பல் தின்பாள். ஆசைதானே என்று அள்ளிக் கொடுத்தேன். அன்றைக்கும் ஏதாவது ஒரு சுவரில் எழுதித்தான் இருந்திருக்கும். சரி, அதை விடு.

இப்போது எல்லாம் சந்தோஷம். மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின் எலுமிச்சைச் சாற்றோடு விழுங்குகிறாள், குமட்டல் இல்லை. கீரை, பயறு, முட்டை எல்லாம் என் கண் முன்னால்தான் உள்ளே போகிறது. போன மாதம் பார்த்தார்கள், ஒன்பதரை! வாய்ப் புண் ஆறிவிட்டது, அதனால் அதட்டல் இரண்டு மடங்கு. பிள்ளை உதைத்த உதையில் நேற்று அவள் மடியிலிருந்த சிலேட்டே ஆடியது. பெட்டியில் பல்பம் குறைவதே இல்லை. எழுதித் தேய்த்தால்தான் உண்டு.

அவளைக் கோபித்துக்கொள்ளாதே. பெட்டி வாங்கிக் கொடுத்தவன் நான். கப்பலில் இப்போதே லீவு சொல்லி வை. பிரசவத்துக்கு முன்பே வந்துவிடு. பிரசவ அறைக் கதவுக்கு வெளியே ஒரு தடவை தனியாக நின்று, உன்னை மட்டும் தூக்கிக்கொண்டு வீடு திரும்பியவன் நான். இந்தத் தடவை பக்கத்தில் நீ நிற்க வேண்டும். இரண்டு பேரையும் அழைத்துக்கொண்டு வருவோம்.

நேரத்துக்குச் சாப்பிடு. நன்றாக இரு. அடுத்த வாரம் மறுபடி ரத்தம் பார்க்கிறார்கள், அன்றைக்கே உனக்கு எழுதுவேன். 'பதினொன்று' என்று இப்போதே சிலேட்டில் எழுதிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

உன் அப்பா