தலைக்குத் தண்ணீர் ஊற்றாத வீடு

அன்புள்ள அண்ணை,

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறதென்று சிரிக்க வேண்டாம். கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன். எழுத்துகள்தான் கோட்டில் நிற்க மாட்டோம் என்கின்றன. ‘ஞ’ வரும் இடத்தில் கை வலிக்கிறது. இவ்வளவு எழுதுவதற்குள் தேநீர் ஆறிவிட்டது. ஆனாலும் பாருங்கள், எழுபத்துமூன்று வயதில், என் கையால், உங்களுக்கு எழுதுகிறேன்! பெயர் எதுவும் எழுத மாட்டேன். அது நீங்கள் பழக்கியது.

இன்று மத்தியானம் சோறு வைத்தபோது கஞ்சி ஒரு பக்கமாகப் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அந்த அலுமினியச் சட்டிதான். அடி நெளிந்துபோனதால் மின்னடுப்பில் நேராக உட்காராது. புதிதாக ஒன்று வாங்கச் சொல்லி மகள் பர்மிங்காமிலிருந்து ஒவ்வொரு முறையும் சொல்கிறாள். அந்த நெளிவுகள் எப்படி வந்தன என்று அவளுக்கு நான் சொன்னதில்லை. அடுப்பைத் துடைத்துக்கொண்டு நின்றபோது உங்களோடு பேச வேண்டும்போல் இருந்தது. இந்த வீட்டில் பேசுவதற்கு இப்போது வேறு யாரும் இல்லை.

விமானச் சாப்பாட்டுத் தட்டுகள் கழுவும் வேலையில் பழக்கமானோம். பிறகு பதினாறு வருஷம் ஒரே வீடு. மேல் அறையில் நீங்கள், கீழ் அறையில் நான். நான் உங்களை ‘அண்ணை’ என்றேன், நீங்கள் என்னை ‘அண்ணே’ என்றீர்கள். யார் மூத்தவர் என்று இருவரும் விசாரிக்கவே இல்லை. கவுன்சில் கடிதம் வந்தால் நான் கண்ணாடியைத் தேடுவதுபோல் பாவனை செய்வேன். நீங்களும் கூடச் சேர்ந்து தேடிவிட்டு, “கெடைக்கலையா? குடுங்க, நானே படிக்கிறேன்” என்பீர்கள். எனக்குக் கண்ணாடியே கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும்.

உங்கள் பர்மாவில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது, ஜனங்கள் வாசலிலும் மாடியிலும் நின்று சட்டிபானை தட்டுவதை போனில் காட்டினீர்கள். “எங்க ஊர்ல பேயை வெரட்ட இப்படித்தாண்ணே தட்டுவாங்க” என்றீர்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நம் சோற்றுச் சட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினீர்கள். ஹவுன்ஸ்லோவிலிருந்து ரயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தவன் நான். தூதரகத்துக்கு எதிரே நான் சட்டியை இரண்டு கையாலும் பிடிக்க, நீங்கள் இரும்புக் கரண்டியால் அடித்தீர்கள்.

“உங்கட நாட்டுப் பேய்க்கு எங்கட சோத்துச் சட்டியோ அண்ணை?”

“பேய் எல்லா நாட்டுக்கும் ஒண்ணுதாண்ணே. கெட்டியாப் புடிங்க.”

ஒரு பொலிஸ்காரி வந்து, கொஞ்சம் மெதுவாக அடிக்க முடியுமா என்று கேட்டாள். “மெதுவா அடிச்சா பேய் போகாதும்மா” என்று அவளுக்குத் தமிழிலேயே சொன்னீர்கள். அவள் நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கு நாம் சிரித்த சிரிப்பு! ஞாயிறு தவறாமல் போனோம். எதிர்ப்பக்கத்தில் ஒருவன் போனை உயர்த்தி நம்மைப் படம் எடுத்ததைக் கண்டும் நான் பொருட்படுத்தவில்லை.

ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து ரங்கூனில் உங்கள் தம்பி வீட்டுக்கு இரண்டு பேர் போனார்கள். லண்டனில் உன் அண்ணன் என்ன செய்கிறான் என்று கேட்டார்கள். தெருவில் இறங்கியவனின் குடும்பம், அவனோடு தங்களுக்கு உறவில்லையென்று அரசாங்கப் பத்திரிகையில் அறிவித்துத் தப்பிக்கொள்வது அங்கே வழக்கமாகிவிட்டிருந்தது. இல்லாவிட்டால் வீட்டுக்கு முத்திரை வைத்துவிடுவார்கள் என்று பயம்.

நீங்களே தம்பியைக் கூப்பிட்டீர்கள். “என்னைத் தலைமுழுகிட்டேன்னு பேப்பர்ல போட்றா. அழுவாத. எழுதிக்க” என்று ஒவ்வொரு வரியாகச் சொன்னீர்கள். இனிமேல் கூப்பிடவும் வேண்டாம், அவசியமென்றால் உங்கள் பெயரைப் போடாமல் என் பெயருக்குக் கடிதம் போடட்டும் என்றீர்கள். என் பக்கம் திரும்பி, “படிக்கத் தெரியாதவர் வீட்டுக்கு வர்ற கடுதாசி பத்திரமா இருக்கும்” என்று கண்ணடித்தீர்கள்.

பத்திரிகையின் படம் போனில் வந்தபோது எனக்கு வாசித்துச் சொன்னீர்கள். “இன்னைலேர்ந்து நான் அநாதைண்ணே. தத்து எடுத்துக்கிறீங்களா?”

நான் சிரித்திருக்கலாம். அதைவிட்டு, “என்ன இருந்தாலும் தம்பி ஒரு சொல்லுக் குறையாமல் போட்டிட்டார்தானே” என்றேன். நீங்கள் மாடிக்குப் போனீர்கள். அன்று சாப்பிடக் கீழே வரவில்லை.

அதற்குப் பிறகு கதவுத் துவாரத்தில் தபால் விழும் சத்தம் கேட்டால் நீங்கள்தான் முதலில் இறங்கி வருவீர்கள். இரண்டு வருஷத்துக்கு மேல். ஆஸ்பத்திரியில் கடைசி நாள்களிலும், “ஏதாச்சும் வந்துச்சாண்ணே?” என்று கேட்டீர்கள். “இல்லை அண்ணை” என்றேன். வந்தது என்று சொல்லியிருந்தால் வாசிக்கச் சொல்வீர்கள். நான் எதை வாசிப்பேன்?

உங்கள் மரணத்தைப் பதியப் போனபோதுதான் தெரிந்தது, நீங்கள் என்னைவிட நாலு வயது இளையவர். சுடலையில் பட்டனை நான்தான் அமுக்கினேன். வீட்டுக்கு வந்து ஷவரின் கீழ் நின்று தலைமுழுகினேன். கூடப்பிறந்தவன் செய்யவேண்டியதைச் செய்தேன்.

நாற்பத்தொரு நாள் கழித்து அந்தக் கடிதம் வந்தது. இந்திய முத்திரை, அனுப்பியவர் பெயர் இல்லை. உள்ளே தமிழ். கடையில் வாசிக்கக் கொடுத்தால் பொழுதுபடுவதற்குள் ஹவுன்ஸ்லோ முழுக்கத் தெரிந்துவிடும். அங்கிருந்து எங்கே போகும், யார் கண்டது? அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். பிறகு பஸ் ஏறி, நூலகத்தில் புதன்கிழமைகளில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் ரீச்சரிடம் போனேன்.

“என்ன ஐயா, பேரனைச் சேர்க்க வந்தனீங்களோ?”

“இல்லை ரீச்சர். நான்தான் பேரன்.”

ஏன் இந்த வயதில் என்று கேட்டார். ஒரு கடிதம் வாசிக்க வேண்டும் என்றேன். “கொண்டு வாங்கோ, நான் வாசிச்சுச் சொல்லுறன்.” “அது ஏலாது ரீச்சர்.” ஒரு தாளை எடுத்தார். பிறகு ‘அ’ எழுதிக் காட்டினார். ஒருநாளும் மறுபடி கேட்கவில்லை.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று, அண்ணை. என் சந்தோஷத்தை என்னவென்று சொல்வேன்! கடைப் பலகைகளெல்லாம் என்னோடு பேசுகின்றன. கோயில் வாசலில் ‘செருப்பை இங்கே விடாதீர்கள்’ என்று எழுதியிருக்கிறது. இத்தனை வருஷம் நான் சரியாக அதன் கீழேதான் விட்டு வந்திருக்கிறேன். இதைச் சொல்லிச் சிரிக்க ஓடி வந்தால், வீட்டில் நீங்கள் இல்லை.

சென்ற கிழமை கடிதத்தை எடுத்தேன். ஒரு நாளைக்கு அரைப் பக்கம். மேலே போட்டிருந்த தேதியை இரண்டு தரம் வாசித்தேன். அறிவிப்பு வந்து இரண்டு மாதத்துக்குள் எழுதியது. ரங்கூனிலிருந்து கொண்டுவர நம்பிக்கையான ஆள் கிடைத்துச் சென்னை வந்து சேர இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. நீங்கள் ஒவ்வொரு நாளும் படியிறங்கி வந்தபோது, பதில் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது.

“அண்ணே, நீ சொன்னபடி பேப்பர்ல போட்டேன். ஆனா வீட்ல யாரும் தலைமுழுகலை. அன்னைலேர்ந்து ஒரு மாசம் நான், பொண்டாட்டி, புள்ளைங்க, அக்கா யாரும் தலைக்குத் தண்ணி ஊத்தலை. நடுவுல தண்ணித் திருவிழா வேற வந்துச்சு. பக்கத்து வீட்டுப் புள்ளைங்க வாளியோட வந்தப்போ கதவைச் சாத்திட்டோம். ஒரு சொட்டுகூடப் படக்கூடாதுன்னு அக்கா சொல்லிருச்சு.”

தம்பியைப் பற்றி அன்று நான் சொன்ன அந்தச் சொல்லுக்கு உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன், அண்ணை. கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன்.

கடிதத்தின் அடியில் ஒரு சென்னை விலாசம் இருக்கிறது. ‘நல்லா இருக்கேன்னு ஒரு வரி எழுது, போதும்’ என்று முடித்திருக்கிறார். அந்த ஒரு வரியை எழுத இப்போது எனக்குத் தெரியும். இரண்டு நாள் பேனாவைப் பிடித்தபடி இருந்தேன். உண்மையை எழுதினால், அன்று கதவைச் சாத்தியவர்கள் எல்லோரும் தலையில் தண்ணீர் ஊற்றவேண்டி வரும். நேற்று ரீச்சரிடம் கேட்டேன்: “செத்துப்போனார் எண்டதை எப்படி ரீச்சர் எழுதுறது?”

“காலமானார் எண்டு எழுதுங்கோ.”

“இன்னும் கொஞ்சம் மெதுவாய் ஒண்டும் இல்லையோ?”

“இல்லை ஐயா. இருக்கிறதில அதுதான் மெது.”

அதையே எழுதினேன். கூடப்பிறந்தவன் செய்யவேண்டியதை நான் செய்தேன் என்றும் எழுதினேன். கடைசியில், ‘உங்கள் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன்’ என்று எழுதினேன். அது பொய்யாக இருக்கக்கூடாதென்று இன்று காலையில் மாடிக்குப் போய், உங்கள் அறைக் கதவைத் திறந்து, இரண்டு பக்கத்தையும் உரக்க வாசித்தேன். எங்கேயும் தடுக்கவில்லை.

நாளைக்குத் தபாலில் போடுகிறேன். சென்னைக்குப் போய், ஆள் கிடைத்து, அந்த வாசலை அடைய எத்தனை மாதமோ. அதுவரை அந்த வீட்டில் நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள். அடுத்த கிழமையும் உங்களுக்கு எழுதுவேன். அவர்களுக்குத் தெரியுமுன் எழுதக்கூடியதையெல்லாம் எழுதிவிட வேண்டும்.