மிளகாயும் காரம்தான்

அன்பு மூத்த மகளுக்கு (அன்பு என்பது பழக்கதோஷத்தில் வந்துவிட்டது, பொருட்படுத்தாதே),

சித்தப்பா எழுதுவது. நீ அங்கே சௌக்கியமாகத்தான் இருப்பாய், அவ்வளவு சிரிக்கிற உடம்புக்கு நோய் எங்கிருந்து வரும்? இங்கே உன் அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. உன் அப்பாவின் ரத்தக்கொதிப்பு, குடும்பக் குழுவில் நீ போட்ட படத்தைப் பார்க்கும்வரை அடக்கமாகத்தான் இருந்தது. அவர்தான் உனக்கு எழுத உட்கார்ந்தார், 'மகளே' என்று அழுத்தியதும் பேனா காகிதத்தைத் துளைத்து மேசைக்குள் இறங்கிவிட்டது, வீடே சேர்ந்து பிடுங்கி என் கையில் கொடுத்திருக்கிறது. பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி பழுதானால் வெறும் தொண்டையால் அறிவிப்புச் செய்து, அடுத்த ஊர்ப் பேருந்தையும் சேர்த்துக் கிளப்பிவிடுகிறவன் நான். அப்பேர்ப்பட்டவன் பேசாமல் எழுதுகிறேன் என்றால் உன் காதுமேல் வைத்த இரக்கம்தான்.

உன் தங்கை சுண்டெலிக்கு அடுத்த வாரம் அறிவியல் பரீட்சை. அமிலம், காரம் பாடத்தைத் திருப்பிப் படிக்கவைக்கிறேன் என்று நீயாகத்தான் ஏற்றுக்கொண்டாய், நாங்களா கெஞ்சினோம்? "ஆய்வகத்துலயே குடியிருக்கேன், இதைக்கூடச் சொல்லித்தர மாட்டேனா சித்தப்பா" என்று பீற்றிக்கொண்டது யார்? நீ அனுப்பும் குரல் பதிவைக் காதில் வைத்துக்கொண்டு அவள் வீடு பூராவும் நடப்பாள், பல் தேய்க்கும்போதுகூட "அமிலம் நீல லிட்மஸைச் சிவப்பாக்கும், காரம் சிவப்பை நீலமாக்கும்" என்று நுரை தெறிக்க ஒப்பிப்பாள், என் சட்டையெல்லாம் பற்பசை. எல்லாம் சரியாகத்தான் போனது. கடைசிப் பதிவில் என்ன சொன்னாய்? "காரத்துக்கு உதாரணம் கேட்டா பயப்படாதடி, நம்ம சமையலறைக்குள்ள போனா அங்கேயே இருக்கு" என்றாய், யாரோ உன்னைக் கூப்பிட்டார்கள், பதிவைப் பாதியில் நிறுத்திவிட்டாய். நீ நினைத்தது சமையல் சோடாவாம். அடி அதிமேதாவி, உன் மனசுக்குள் இருந்தால் போதுமா, இவள் காதுக்கு வரவேண்டாமா? குழந்தை சமையலறைக்குப் போய் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து நாக்கில் வைத்துப் பார்த்து, மூக்கும் கண்ணும் ஒழுக ஆராய்ச்சி செய்து, மாதிரித் தேர்வில் எழுதினாள்: காரங்களுக்கு எடுத்துக்காட்டு மிளகாய், மிளகு, இஞ்சி. நம் மொழியில் காரம் என்றால் வேறென்ன? நானாக இருந்தால் போனால் போகிறதென்று உன் அத்தையின் நாக்கையும் சேர்த்து எழுதியிருப்பேன்.

டீச்சர் அதை வகுப்பில் உரக்கப் படித்தாராம், இப்போது இவள் பெயர் மிளகாய்ப்பொடி. டீச்சரை விடு, உலை வாயை மூடலாம் ஊர் வாயை மூட முடியுமா? என் ஆத்திரமெல்லாம் உன்மேல்தான். எங்கே தப்பு என்று கேட்டு அந்த விடைத்தாளைப் படமெடுத்து உனக்கு மட்டும் அனுப்பினாள். நீ அதைத் தூக்கிக் குடும்பக் குழுவில் போட்டு, விழுந்து விழுந்து சிரிக்கிற மஞ்சள் மூஞ்சிகளில் ஒரு படையையே இறக்கினாய். அத்தை வீட்டு மாப்பிள்ளைகூடச் சிரித்தார், அவர் பள்ளிக்கூடத்தில் கற்றது மணியடித்ததும் ஓடுவதை மட்டும்தான். புத்தகம் இப்போது அலமாரி உச்சியில் கிடக்கிறது. "நான் பரீட்சை எழுதமாட்டேன், அக்கா மாதிரி ஆகவும் வேணாம்" என்கிறாள். உன்னைப்போல இருக்கவேண்டும் என்று முடியைக்கூட உன்னைப்போலவே வெட்டிக்கொண்டவள்டி அவள்.

நேற்று நானே களத்தில் குதித்தேன். லிட்மஸ் தாள் வாங்கிவந்து, பிடிபட்ட ஒற்றனை விசாரிப்பதுபோல் பச்சை மிளகாயை நசுக்கித் தண்ணீரில் போட்டு நீலத் தாளை நனைத்தேன். லேசாகச் சிவந்தது! காரம் என்று உலகமெல்லாம் பெயர் வாங்கிக்கொண்டு, துரோகி, அமிலத்தின் கட்சியில் இருந்திருக்கிறது. நான் கூரை பெயரச் சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப பேரு வெச்சவங்க மேலதானே தப்பு சித்தப்பா? அக்கா ஏன் என்னைப் பார்த்துச் சிரிச்சா?" என்றாள். ஊரையே கூப்பிடும் இந்தத் தொண்டையால் உன்னைத்தான் போனில் கூப்பிட்டேன்.

நீயோ, "சித்தப்பா, நீங்களாவது நடுநிலையா இருங்க" என்றாய். நடுநிலையா? அமிலமும் காரமும் சேர்ந்து நடுநிலையானால் என்ன மிஞ்சும் என்று அவளையே கேட்டேன். புறங்கையால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டே "உப்பும் தண்ணியும்" என்றாள். பாடம் அவளுக்குத் தெரியும். பாதியில் நிற்பது உன் வாக்கியம்தான். கூப்பிட்டு அதை முடி, எந்தக் குழுவில் சிரித்தாயோ அதே குழுவில் மன்னிப்பும் கேள். இன்று காலையிலிருந்து அலமாரிக்குக் கீழே ஒரு நாற்காலி கிடக்கிறது, யார் இழுத்துப் போட்டது என்று யாரும் கேட்கவில்லை. புத்தகம் இன்னும் மேலேதான் இருக்கிறது. போன் அவள் மடியில்.

நன்றாக இரு, வேளைக்குச் சாப்பிடு, நூறு வயசு வாழ்ந்து எல்லார் பேச்சையும் முழுசாகக் கேட்கிற பொறுமை உனக்கு வரட்டும். தபாலில் போட்டால் பரீட்சைக்கு அப்புறம்தான் வந்துசேரும், அதனால் இந்தக் கடிதத்தைப் படமெடுத்து உனக்கு மட்டும் அனுப்புகிறேன். உனக்கு மட்டும் என்றால் என்ன பொருள் என்று தெரியுமல்லவா?

நடுநிலையாக இருக்க மறுக்கும்
உன் சித்தப்பா