வரிக்கணக்கில் சேராத மகள்

இஞ்சாருங்கோ, இந்த வருடத்து வரிக்கணக்கு வந்துவிட்டது. காலையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது கைப்பேசி கிணுகிணுத்தது. மார்ச் வந்தால் இந்த டெனிஷ் நாடே மற்ற வேலையை விட்டுவிட்டு வரிக்கணக்கைத் திறக்க வரிசையில் நிற்கும் என்பதை மறந்தே போயிருந்தேன். அது எப்போதும் உங்கள் வேலை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்து, கதிரையை இழுத்துப் போட்டு, கோயிலுக்கு வெளிக்கிட்டவர் மாதிரி கணினி முன் அமர்வீர்கள். இந்த முறை நான்தான் திறந்தேன். எல்லாவற்றையும் வரி அலுவலகத்தாரே நிரப்பி வைத்திருந்தார்கள். மூடிவிட்டு, நீங்கள் அந்தக் கணக்கோடு மல்லுக்கட்டிய வருடத்தை நினைத்துத் தனியாக இருந்து சிரித்தேன்.

மகள் ஓகுஸ் நகரில் பல்கலைக்கழகம் தொடங்கிய வருடம் அது. எங்களுக்கு இருப்பது அவள் ஒருத்தி. நாங்கள் இருக்கும் வைலேயிலிருந்து ரயிலில் போய் வரலாம்தான், ஆனால் அவள் அங்கேயே அறை எடுத்துக்கொண்டாள். படிப்புக்குக் கட்டணம் இல்லை. அது போதாதென்று, படிப்பதற்காக அரசாங்கமே மாதாமாதம் அவள் பெயருக்கு உதவிப்பணம் போட்டது. வேறொரு தகப்பன் என்றால் துள்ளிக் குதித்திருப்பார். உங்களுக்கு முகம் தொங்கிப் போயிற்று.

காரணம் ரொறன்ரோவில் இருக்கும் உங்கள் தம்பி. ஞாயிறு தவறாமல் தொலைபேசி எடுப்பார். மகனுடைய பல்கலைக்கழகக் கட்டணம் கழுத்தை நெரிக்கிறது என்று தொடங்கி, அதைத் தன் வரிக்கணக்கில் காட்டிக் கழித்துக்கொண்ட கெட்டித்தனத்தில் முடிப்பார். முறைப்பாடு மாதிரித்தான் இருக்கும், பெருமை வழியும். அங்கே உங்களுக்கு எவ்வளவு செலவு முடிகிறது என்று கேட்பார். ஒன்றுமில்லை என்று சொல்ல உங்களுக்கு நா எழாது. பேச்சை மழைக்கு மாற்றுவீர்கள். கோயில் மண்டபத்திலும் அதே கேள்விதான். பிள்ளையைப் படிப்பிக்கப் பாடுபட்டேன் என்று சொல்லிக்கொள்ள இந்த நாடு வழி வைக்கவில்லையே என்பது உங்கள் குறை. நான் பகிடி பண்ணிச் சிரித்தேன். ஒரு நாள் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தபடி, நான் அவளுக்குத் தகப்பன் என்று காட்ட இங்கே என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். அன்றோடு பகிடியை நிறுத்திவிட்டேன்.

அவள் வேண்டாம் என்றாலும் ஒவ்வொரு சம்பளத்துக்கும் அவளுக்குப் பணம் அனுப்பினீர்கள். மார்ச்சில், தம்பி சொன்னது போல இங்கேயும் ஓரிடம் இல்லாமலா போகும் என்று வரிக்கணக்கை மேலும் கீழும் துருவினீர்கள். பிள்ளைக்குக் கொடுக்கும் பணம் என்று ஒரு கட்டம் அகப்பட்டது. அது யாருக்கான கட்டம் என்று வாசிக்க உங்களுக்கு எங்கே பொறுமை? அனுப்பியதையெல்லாம் அதில் போட்டு, அன்றே தம்பிக்கும் அறிவித்தாயிற்று.

சில வாரம் கழித்து வரி அலுவலகத்திலிருந்து ஒரு பெண் எடுத்தாள். நான் குசினியில் கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தேன். நானும் கேட்க வேண்டும் என்று நீங்கள் கைப்பேசியை மேசையில் வைத்து ஒலியைக் கூட்டினீர்கள். நீங்களும் உங்கள் மனைவியும் எப்போதிலிருந்து பிரிந்து வாழ்கிறீர்கள் என்று அவள் மிக மரியாதையாகக் கேட்டாள். அந்தக் கட்டம் பிரிந்து வாழும் பெற்றோருக்கானதாம். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பிரியவில்லை, இந்தா பக்கத்தில் நின்று லீக்ஸ் வெட்டுகிறா என்று டெனிஷில் சொன்னீர்கள். நான் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினேன். அவள் சிரிக்கவில்லை, பாவம். பதினெட்டு முடிந்தால் மகள் தனி ஆள், அவளுடைய கணக்கு அவளோடு, நீங்கள் கொடுப்பது அன்பளிப்பு, அதற்கு வரிக்கணக்கில் இடமில்லை என்று பொறுமையாக விளக்கினாள்.

அன்பளிப்பு என்ற சொல் உங்களைக் குத்திவிட்டது. சொந்தப் பிள்ளைக்குக் கொடுப்பது பிறந்தநாள் வீட்டில் நீட்டும் என்வலப்பா என்று அன்று முழுக்கப் புறுபுறுத்தீர்கள். எனக்கும் மனம் கஷ்டப்பட்டது. தொழிற்சாலையில் முழங்கால் தேய நின்ற மனிதரிடம், உம்முடைய பிள்ளையின் படிப்பில் உமக்குப் பங்கில்லை என்று சொன்னது போல்தான் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை மகள் வந்தாள். நடந்ததைச் சொன்னேன். எங்களுக்கு எப்போதும் டெனிஷில் பதில் சொல்கிறவள், அன்று உங்களுக்கு எதிரே இருந்து தமிழில் கதைத்தாள்.

"அப்பா, நீங்கள் இஞ்சை வந்த நாள் துவக்கம் வரி கட்டுறீங்கள். அதிலைதான் நான் படிக்கிறன். வேறை ஆற்றை காசு?"

"அது எல்லாற்றை பிள்ளையளுக்கும் போற காசு."

"ஓம். அதுக்கென்ன?"

நீங்கள் எழும்பி அவளுக்குத் தேநீர் ஊற்றப் போனீர்கள். அதுக்கென்ன என்ற கேள்வியை உள்ளுக்குள் போட்டு உருட்டிக்கொண்டு திரிந்தீர்கள் என்பது, பிறகொரு ஞாயிறு தம்பி எடுத்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் வழமையான பல்லவியைத் தொடங்கியதும் குறுக்கே விழுந்தீர்கள்: "நீ ஒரு பிள்ளையைப் படிப்பிக்கிறாய். நான் இஞ்சை இந்த நாட்டுப் பிள்ளையள் எல்லாரையும் படிப்பிக்கிறன்." அன்று பேச்சை மழைக்கு மாற்றியது தம்பி.

அதற்குப் பிறகு உங்களைப் பிடிக்க முடியவில்லை. ஜூனில் பள்ளிப் படிப்பு முடித்த கொண்டாட்டத்தில் வெள்ளைத் தொப்பி போட்டு லொறியில் கத்திக்கொண்டு போகும் பிள்ளைகளுக்கு, ஏதோ நீங்களே சோதனை வைத்துப் பாஸ் பண்ணிவிட்டது போலக் கை காட்டினீர்கள். பல் பிடுங்கப் போன இடத்தில் வைத்தியர் இளம்பெண் என்றால், எங்கே படித்தாய் என்று விசாரிப்பீர்கள். எனக்கு வெட்கமாக இருக்கும்.

கடைசியில் ஆஸ்பத்திரியில் உங்களுக்கு ஊசி ஏற்ற வந்தது ஒரு தாதி மாணவி. பொன்னிறத் தலைமுடி, மகளைவிட இளையவள். நரம்பு அகப்படவில்லை. இரண்டாவது தரமும் தவறியதும் எனக்குக் கோபம் வந்து பெரிய தாதியைக் கூப்பிட எழும்பினேன். நீங்கள் என் சட்டை நுனியைப் பிடித்தீர்கள்.

"இரும். இன்னொருக்கால் பாக்கட்டும். நாங்கள் படிப்பிக்கிற பிள்ளைதானே."

மூன்றாவது தரம் சரியாக ஏற்றினாள். நீங்கள் அவளுக்குப் பெருவிரலை உயர்த்திக் காட்டினீர்கள். நீங்கள் போன அன்று அவள் வந்து கதவடியில் நின்றாள். உள்ளே வரலாமா என்றுகூடக் கேட்கத் தெரியாமல் அழுதாள். நான்தான் போய்க் கட்டிப் பிடித்தேன். யார் அம்மா இது என்று மகள் கேட்டாள். தெரிந்த பிள்ளை என்றேன்.

இப்போது வேலைக்குப் போகும் பேருந்தில் மாணவர்கள் ஏறி, கதிரையில் பையைப் போட்டு, ஊர் கேட்கக் கதைத்துக்கொண்டு வருகிறார்கள். முன்பென்றால் முறைத்திருப்பேன். இப்போது கொஞ்சம் தள்ளி இருந்து இடம் விடுகிறேன். சோதனைக் காலம் என்றால் முகங்களைப் பார்க்கிறேன், நித்திரை கொண்டார்களா, சாப்பிட்டார்களா என்று. ஒரு பிள்ளை போதும் என்று அந்த நாளில் முடிவெடுத்தவள் நான். நீங்கள் அதற்குச் சம்மதிக்கவே இல்லை போலிருக்கிறது.