விரத நாளில் மீசோ சூப்

தோர்ண்டன் ஹீத்,
சூரன்போர் இரவு.

அன்புள்ள மேனுஷா அக்காவுக்கு,

கெஞ்சிக் கேட்கிறேன், இந்தக் கடிதத்தை ஒருவருக்கும் காட்டவேண்டாம். அத்தானுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதென்றாலும் அவருக்கு வாயாலும் சொல்லவேண்டாம். வாசித்ததும் கிழித்துவிடுங்கள். என்னோடு படிக்கிற ஜெஸ்ரின்தான் இதைத் தபாலில் போடுவாள். அவளுடைய வீட்டு விலாசத்துக்கு நீங்கள் பார்சல் அனுப்பியது அப்பாவுக்கு இன்னும் தெரியாது.

நீங்கள் ஒசாக்காவில் ஜப்பான்காரரைக் கல்யாணம் செய்த நாளிலிருந்து இந்த வீட்டில் உங்கள் பெயரை ஒருவரும் சொல்வதில்லை. உங்கள் கட்டிலில் இப்போது அயர்ன் பண்ணாத உடுப்புகள்தான் படுத்திருக்கின்றன. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நானும் ஃபிரிட்ஜின் சத்தமும்தான்.

பார்சலுக்குள் நீங்கள் எழுதி வைத்த சமையல் குறிப்புகளை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். நீங்கள் சாப்பிடுவதை நானும் சாப்பிட்டால் ஒரே மேசையில் இருப்பது போல இருக்கும் என்று நினைத்தேன். ஒனிகிரிச் சோற்றுருண்டை சரிவரவில்லை. பாஸ்மதிச் சோறு உருண்டையாக நிற்கவே மாட்டேன் என்றது. கடைசியில் பருப்பு விட்டுக் கரண்டியால் சாப்பிட்டேன். ஜப்பான் கறி நன்றாக வந்தது. அப்பா இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, "இதென்ன பிள்ளை, வீட்டிலை தூளுக்குப் பஞ்சமோ?" என்றார். பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தது என்றேன். "ஓம், உதெல்லாம் படிப்பிப்பாங்கள். கணக்கு மட்டும் படிப்பிக்க மாட்டாங்கள்" என்றார்.

இனித்தான் நான் செய்த பிழை. அம்மா கந்தசஷ்டி விரதம். ஒரு நேரச் சாப்பாடுதான். ஆருக்காக என்று கேட்டதற்கு, "உன்ரை சோதனைக்குத்தான்" என்றார். நாலாம் நாள் முதியோர் கெயர் ஹோமில் ஷிப்ட் முடித்து வந்தவர், சப்பாத்தைக் கழற்றவும் ஏலாமல் படியிலேயே இருந்துவிட்டார். நான் மீசோ சூப் வைத்துக் கொடுத்தேன். விரதமென்று உங்கள் குறிப்பில் இருந்த வெங்காயத்தாளைக்கூடப் போடவில்லை. டோஃபு, மீசோ என்ற அந்தச் சோயா விழுது, பிறகு நீங்கள் எழுதியபடி அந்தச் சின்னப் பைக்கற்றுத் தூள். அம்மா ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு சொட்டும் விடாமல் குடித்தார்.

கழுவும்போதுதான் போனை அந்தப் பைக்கற்றுக்கு மேலே பிடித்து மொழிபெயர்த்துப் பார்த்தேன். காய்ந்த மீன், அக்கா. எங்கள் மாசிக் கருவாட்டைப் போல ஒன்று. பைக்கற்றைக் குப்பைவாளியின் அடியில் புதைத்தேன். விரதம் என் சோதனைக்குத்தானே, ஃபெயிலானால் நான்தானே ஆவேன் என்று வாயை மூடிக்கொண்டேன்.

இன்று ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போனோம். அப்பா காரை விட இடம் தேடிப் போய்விட்டார். அம்மா என்னைப் பூ வாங்க அனுப்பினார். நான் திரும்பி வந்தபோது ஐயர் அர்ச்சனைக்குப் பெயர் கேட்டுக்கொண்டிருந்தார். "மேனுஷா, பூச நட்சத்திரம்" என்றார் அம்மா. "ஏழு மாதம் ஐயா. தூரத்திலை தனிய இருக்கிறா. சுகமாப் பிள்ளை பிறக்கவேணும்."

வயிற்றில் பிள்ளை என்று பார்சலுக்குள் வைத்த தாளில் நீங்கள் எனக்கு மட்டும்தானே எழுதினீர்கள்? என் கோட்டைத் தோய்க்கும்போது பொக்கற்றுக்குள் இருந்த அந்தத் தாளை அம்மா எடுத்து வாசித்திருக்கவேண்டும். வாசித்தவர் பார்சலைப் பற்றியும் அறிந்திருப்பார். அப்படியென்றால் அந்தச் சூப் யார் எழுதிய குறிப்பில் வைத்தது என்று தெரிந்துதான் குடித்திருக்கிறார். பக்கத்து வீட்டில் மாசி இடித்தாலே மணம் பிடிக்கிறவர் அம்மா. மீன் என்று தெரியாமல் குடித்தாரா, தெரிந்தும் நீங்கள் அனுப்பியது என்று குடித்தாரா? இரண்டையும் நினைக்கப் பயமாக இருக்கிறது. உங்களுக்காகப் பிடித்த விரதத்தை நான் கெடுத்துவிட்டேனே.

இன்று அம்மா தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நாளைக் காலை பாறணை, விரதம் முடித்துச் சாப்பிடுவார். அதற்கு முன் காலில் விழுந்து சொல்லிவிடவேண்டும் என்று மூன்று தரம் அறை வாசல் வரைக்கும் போனேன். உள்ளே அப்பா இருந்தார். வந்துவிட்டேன்.

அக்கா, நீங்கள் டொக்டரிடம் ஒழுங்காகப் போகிறீர்களா? கால் வீங்குகிறதா? பாரம் தூக்கவேண்டாம். முருகனுக்குக் கோபமென்றால் அது என்னோடு இருக்கட்டும், உங்களிடம் வரவேண்டாம் என்று கேட்டிருக்கிறேன்.

ஒன்றே ஒன்று செய்யுங்கள். அம்மாவுக்கு வேலையில் இங்கத்தைய நேரம் பகல் இரண்டு மணிக்கு இடைவேளை. அப்போது அப்பா பக்கத்தில் இருக்கமாட்டார். அம்மாவின் போன் நம்பர் மாறவில்லை. நீங்கள் ஒன்றும் பேசவேண்டாம், "அம்மா" என்று மட்டும் சொல்லுங்கள், மிச்சத்தை அவர்

கதவைத் தட்டுகிறார்கள். அம்மா ஒருநாளும் தட்டுவதில்லை, நேரே வந்துவிடுவார். அக்கா, கட்டாயம் போன் எடு